டிரைவர் இல்லாத கார் மோதினால் போலீஸ் யாரைப் பிடிக்கும்?

காஞ்சீபுரம், பிள்ளையார்பாளையம்:

டிரைவர் இல்லாமல் கார் ஓடுகிறது. கதை அல்ல, சினிமாவும் அல்ல. அமெரிக்காவில் பீனிக்ஸ், சான்பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களில் வாடகைக்கே ஓடுகிறது.

கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார வேண்டியதுதான். முன்சீட்டில் ஆள் கிடையாது. ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். சிக்னலில் தானாக நிற்கும். இறங்கும்போது சில்லறை இல்லை என்ற தகராறும் கிடையாது. 'வேமோ' என்ற ஒரு கம்பெனி மட்டும் 2025 ஏப்ரலில் வாரத்துக்கு இரண்டரை லட்சம் சவாரி ஓட்டியது.

சீனாவில் ஊகான் நகரிலும் இப்படி வாடகைக் கார்கள் வந்தன. 2024-ம் ஆண்டு அங்குள்ள டாக்சி டிரைவர்கள் "எங்கள் பிழைப்பு போகிறது" என்று முறையிட்டார்கள்.

அமெரிக்காவில் ஓடட்டும், சீனாவில் ஓடட்டும், நமக்கு என்ன என்று கேட்கலாம். பிள்ளையார்பாளையத்துக்காரர் அப்படிக் கேட்க முடியாது. காரணம் இருக்கிறது.

இந்த ஊர் தறியை நம்பி இருந்த ஊர். தறியில் கூலி கட்டவில்லை என்று இறங்கிய பிள்ளைகள் எங்கே போனார்கள்? பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் ஏறினார்கள். மற்றும் சிலர் லைசென்சு எடுத்து ஸ்டீயரிங் பிடித்தார்கள். ஆட்டோ, வேன், கால் டாக்சி, கம்பெனி பஸ் என்று இன்று ஓட்டுகிறார்கள். அப்பன் காலால் மிதித்தது தறிப் பலகை. மகன் காலால் மிதிப்பது கிளட்ச். இப்போது அதையும் எந்திரம் மிதிக்கப் போகிறது என்கிறார்கள்.

பூந்தமல்லிக்கு வந்துவிட்டது

டிரைவர் இல்லாத வண்டி ரொம்ப தூரத்தில் இல்லை. இங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில், பூந்தமல்லி பணிமனைக்கு வந்துவிட்டது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதைக்கு வாங்கிய முதல் டிரைவர் இல்லாத ரெயில் 2024 அக்டோபரில் அங்கே வந்து சேர்ந்தது. மூன்று பெட்டி. 2025 மார்ச்சில் பூந்தமல்லியில் இருந்து முல்லைத்தோட்டம் வரை சோதனை ஓட்டமும் நடந்தது.

டெல்லி மெட்ரோவில் 2020 டிசம்பர் 28-ந்தேதியே முதல் டிரைவர் இல்லாத ரெயில் விடப்பட்டது. சிங்கப்பூரில் 2003-ம் ஆண்டு முதல் ஓடுகிறது. தமிழர்கள் மொய்க்கும் 'லிட்டில் இந்தியா' ஸ்டேஷனில் வந்து நிற்கும் வடகிழக்குப் பாதை ரெயில் அதுதான். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிறவர், முன்னால் டிரைவர் இருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பது இல்லை.

ரெயில் சரி. ஏன் சரி? அதற்குத் தனிப் பாதை. நடுவில் மாடு வராது. சைக்கிள் வராது. பிளாட்பாரத்தில்கூட கண்ணாடிக் கதவு போட்டு ஆளைத் தடுத்துவிடுகிறார்கள். தண்டவாளத்தை விட்டு அது எங்கும் போகவும் முடியாது.

கார் அப்படியா? கார் நம்மோடு சேர்ந்து தெருவில் ஓட வேண்டும்.

தெருவில் பாவு

பிள்ளையார்பாளையத்தில் தெரு என்றால் வண்டி போகிற வழி மட்டும் அல்ல. விடியற்காலையில் அது தொழில் நடக்கும் இடம். பட்டு நூல் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காயவைப்பது இந்த ஊர் வழக்கம். இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். அறுந்த இழையைப் பார்த்துப் பார்த்து முடிவார்கள். அந்த நேரத்தில் வண்டியோடு வருகிற மனுஷன் என்ன செய்வான்? தூரத்திலேயே பார்த்துவிடுவான். "அண்ணே, எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்பான். "பக்கத்துத் தெரு வழியா போயிடுப்பா" என்றால் திருப்பிக்கொண்டு போவான்.

எந்திரம் என்ன செய்யும்?

அந்தக் காரின் கண் என்பது மூன்று சாமான்கள். கேமரா ஒன்று. ரேடார் ஒன்று. 'லைடார்' என்கிற, லேசர் ஒளியைச் சுற்றிலும் அடித்து, திரும்பி வரும் ஒளியை வைத்து தூரம் கணக்குப் போடும் கருவி ஒன்று. (எல்லாக் கம்பெனியும் மூன்றையும் வைப்பது இல்லை. கேமராவே போதும் என்று சொல்கிற கம்பெனியும் உண்டு.) சுவர், லாரி, ஆள் என்றால் நன்றாகத் தெரியும். ஆனால் மெல்லிய சாமான்?

2025 மே மாதம் அதே வேமோ கம்பெனி தன்னுடைய 1,200-க்கும் மேற்பட்ட கார்களின் கம்ப்யூட்டர் புரோகிராமைத் திரும்பப் பெற்றுத் திருத்தியதாக அறிவித்தது. என்ன தப்பு? பாதையின் குறுக்கே கட்டிய சங்கிலியிலும், கேட்டிலும் கார்கள் போய் மோதின! யாருக்கும் காயம் இல்லை. ஆனாலும் யோசிக்க வேண்டும். இரும்புச் சங்கிலியிலேயே மோதிய வண்டிக்கு, தலைமுடி மாதிரி இருக்கிற பட்டு இழை தெரியுமா? ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழை. அறுந்தால் கம்பெனியா வந்து முடியும்?

இன்னொன்று, மின்வெட்டு. 2025 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் பெரிய மின்தடை வந்தது. சிக்னல் விளக்குகள் அணைந்தன. டிரைவர் இல்லாத கார்கள் அங்கங்கே நடுரோட்டில் நின்றுவிட்டன. பின்னால் வந்த வண்டிகள் மாட்டிக்கொண்டன. கம்பெனி சேவையை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

சிக்னல் அணைந்ததற்கே இந்தப் பாடு! நமது மூங்கில் மண்டபம் பக்கம் முகூர்த்த நாளில் வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். காந்தி ரோடு பட்டுக்கடைகளுக்கு வெளியூர் வேன் வரிசையாக நிற்கும். கல்யாண வீட்டுக்காரர்கள் பையும் பிள்ளையுமாக ரோட்டைக் கடப்பார்கள். அங்கே சிக்னல் விளக்கை நம்பி எவன் ஓட்டுகிறான்? கண்ணைப் பார்த்துத்தான் ஓட்டுகிறான். ஒருவன் தலையை ஆட்டினால் "நீ போ" என்று அர்த்தம். கையை நீட்டினால் "கொஞ்சம் இரு" என்று அர்த்தம். ஹாரனிலேயே நாலு பாஷை இருக்கிறது.

வைகாசி கருட சேவை அன்று விடியற்காலை வரதராஜ பெருமாள் புறப்பாடு. சின்ன காஞ்சீபுரத்தில் இருந்து பெரிய காஞ்சீபுரம் வரை ரோடு முழுக்க ஜனம். அன்றைக்கு அந்தக் கார் கூட்டத்தைப் பார்த்து நின்றால் நின்றதுதான். மறுநாள்தான் நகரும்.

எழுதுகிற காலம் காலியாக இருக்கும்

இது எல்லாம் வேடிக்கை. வேடிக்கை இல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது.

ஒரு விபத்து நடந்தால் போலீசார் முதல் தகவல் அறிக்கை எழுதுகிறார்கள். வண்டி நம்பர், இடம், நேரம், ஓட்டியவர் பெயர். 'அஜாக்கிரதையாகவும் அதிவேகமாகவும் ஓட்டி' என்று எழுதுவார்கள். முன்பு இந்திய தண்டனை சட்டம் 304-ஏ. 2024 ஜூலை 1-ந்தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவு. பெயர் மாறினாலும் விஷயம் ஒன்றுதான். அஜாக்கிரதையாக இருந்தவர் ஒரு ஆள். அவரைப் பிடி, கோர்ட்டில் நிறுத்து.

டிரைவரே இல்லை என்றால்? ஓட்டியவர் பெயர் என்ற இடத்தில் எதை எழுதுவார் ஏட்டய்யா? கார் 'எட்டு' போட்டு லைசென்சு வாங்கியதா?

கற்பனை என்று நினைக்க வேண்டாம். நடந்திருக்கிறது.

2018 மார்ச் 18-ந்தேதி இரவு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலம், டெம்பி என்ற ஊர். ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். 'உபேர்' கம்பெனியின் சோதனைக் கார் தானாக ஓடி வந்து மோதியது. அந்தப் பெண் இறந்தார். தானோட்டிக் கார் மோதி பாதசாரி உயிர் போன முதல் சம்பவம் அது.

விசாரணையில் வெளிவந்த விஷயம் திகைக்க வைப்பது. மோதுவதற்கு ஐந்தரை வினாடிக்கும் முன்னாலேயே கார் அவரைப் பார்த்துவிட்டது. ஆனால் என்னவென்று புரியவில்லை. முதலில் வண்டி என்றது. பிறகு வேறு ஏதோ சாமான் என்றது. பிறகு சைக்கிள் என்றது. மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டது. காரணம், ஜனங்கள் ரோட்டைக் கடக்கக் குறித்த இடம் தவிர வேறு இடத்திலும் கடப்பார்கள் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை!

காஞ்சீபுரத்தில் குறித்த இடத்தில் கடக்கிற ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்.

சரி, தண்டனை யாருக்கு? கம்பெனி மீது கிரிமினல் வழக்குப் போட ஆதாரம் இல்லை என்று அரசு வக்கீல் அலுவலகம் 2019-ல் சொல்லிவிட்டது. சோதனைக்காகக் காரில் உட்காரவைத்திருந்த ஊழியர் மாட்டிக்கொண்டார். ரோட்டைப் பார்க்காமல் போனில் நிகழ்ச்சி பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. 2023-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டு கண்காணிப்புத் தண்டனை. அவர் செய்தது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் காருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். சம்பளத்துக்கு உட்கார்ந்தவர் கோர்ட்டுக்குப் போனார்.

இந்த ஊர்க்காரருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை. சேலையில் குறை இருந்தால் டிசைன் போட்டவரையா கேட்கிறார்கள்? நெய்தவர் கூலியில்தான் பிடிக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 2024 மே மாதம் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கார் தானாக ஓடுகிற நேரத்தில் அது ஓடுகிற விதத்துக்கு, அனுமதி வாங்கிய கம்பெனிதான் பொறுப்பு. உள்ளே உட்கார்ந்தவர் மேல் அதற்காக வழக்குப் போட முடியாது. நம் நாட்டில் அப்படி ஒரு வரி இல்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆராய்ச்சிக்காகச் சில வண்டிகளுக்குச் சட்டத்தில் இருந்து விலக்குத் தரலாம் என்று மட்டும் 2-பி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். விலக்குக்கு வழி இருக்கிறது. பொறுப்புக்கு வழி எங்கே?

நஷ்ட ஈடு விஷயத்தில் பரவாயில்லை. யார் தப்பு என்று நிரூபிக்காமலே உயிர் இழப்புக்கு 5 லட்சம் ரூபாய் கேட்க 164-வது பிரிவு இருக்கிறது. இன்சூரன்சு கம்பெனியோ வண்டிச் சொந்தக்காரரோ கட்ட வேண்டும். பணம் வரும். குற்றவாளி வரமாட்டார்.

மனுஷன் மட்டும் ஒழுங்கா?

ஒரு பக்கமே பேசக்கூடாது. டிரைவர் இருக்கிற வண்டியின் லட்சணம் என்ன?

2022-ம் ஆண்டு இந்தியா முழுக்க ரோடு விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் நம்முடையது. 64,105 விபத்து. நாள் ஒன்றுக்கு 49 பிணம். இதை எந்தக் கம்ப்யூட்டரும் செய்யவில்லை. குடித்தவன், தூங்கினவன், செல்போன் பேசினவன், ராங் சைடில் வந்தவன், இவர்கள் செய்தது.

எந்திரம் குடிக்காது. தூங்காது. பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்து ஆக்சிலேட்டரில் கோபத்தைக் காட்டாது. பெங்களூர் நெடுஞ்சாலையில் விடிகாலை மூன்று மணிக்கு நின்ற லாரியின் பின்னால் கார் புகுந்தது என்று வருகிற செய்திகளில், தானாகப் பிரேக் போடும் கருவி ஒன்று இருந்திருந்தால் சிலராவது பிழைத்திருப்பார்கள்.

அந்தக் கருவி எங்கேயோ இல்லை. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையில் செய்கிற கார்களிலேயே இருக்கிறது. 2023-ல் வந்த புது வெர்னா, 2024-ல் வந்த புது கிரெட்டா, இவற்றின் விலை கூடிய ரகங்களில் முன்னால் வண்டி வந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும், கோட்டை விட்டு விலகினால் ஸ்டீயரிங்கைத் திருத்தும். டிரைவர் இருக்க வேண்டும், ஆனால் எந்திரம் கூட இருந்து உதவும். கணக்கில் இதை 'இரண்டாம் படி' என்கிறார்கள். பூஜ்யத்தில் இருந்து ஐந்து வரை படி. ஐந்து என்றால் எந்தத் தெருவிலும், எந்த மழையிலும் ஆளே வேண்டாம். அந்த ஐந்தாம் படி இன்றுவரை உலகத்தில் எந்தக் கம்பெனியிடமும் இல்லை. பீனிக்சில் ஓடுவதுகூட, வரைபடம் போட்டு வைத்த எல்லைக்குள் ஓடுகிற நாலாம் படிதான்.

நமக்கு முதலில் வேண்டியது அந்த இரண்டாம் படி. அதுவும் பணக்காரர் காரில் மட்டும் அல்ல. ராத்திரி ஓடுகிற லாரியில், ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகிற கம்பெனி பஸ்சில், பள்ளிக்கூட வேனில் வேண்டும். டிரைவர் பிழைப்பும் போகாது, உயிரும் போகாது. அதைக் கட்டாயம் ஆக்குவதை விட்டுவிட்டு, ஆள் இல்லாத கார் வருமா வராதா என்று பட்டிமன்றம் நடத்துவது வீண் வேலை.

மந்திரி சொன்னார்

மத்திய சாலைப் போக்குவரத்து மந்திரி நிதின் கட்காரி 2017-லேயே டிரைவர் இல்லாத காரை இந்தியாவில் அனுமதிக்க மாட்டோம் என்றார். 2023 டிசம்பரில் நாக்பூர் ஐ.ஐ.எம்.மில் பேசும்போதும் அதையே சொன்னார். 70, 80 லட்சம் டிரைவர்களின் வேலை போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம்.

கேட்க நன்றாக இருக்கிறது. கைதட்டவும் தோன்றுகிறது. ஆனால் 'விட மாட்டோம்' என்ற பேச்சை நம்பிப் படுத்துத் தூங்கலாமா? இந்த ஊருக்கு அதில் அனுபவம் இருக்கிறது.

விசைத்தறியிடம் இருந்து கைத்தறியைக் காப்பாற்ற 1985-ல் மத்திய அரசு தனிச் சட்டமே போட்டது. சேலை உள்பட குறிப்பிட்ட துணி ரகங்களைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்றது. வழக்குப் போனது. சுப்ரீம் கோர்ட்டும் 1993-ல் சட்டம் செல்லும் என்றது. முதலில் 22 ரகம் இருந்தது. பிறகு 11 ஆகச் சுருங்கியது. சரி, அந்தச் சட்டம் இருக்கிறதே, விசைத்தறிச் சேலை நின்றுவிட்டதா? 'காஞ்சீபுரம் பட்டு' என்று பெயர் ஒட்டிக்கொண்டு வருகிற எந்திரச் சேலை எத்தனை என்று காந்தி ரோட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

சட்டம் புத்தகத்தில் இருந்தது. எந்திரம் தெருவில் இருந்தது.

டிரைவர் விஷயமும் அப்படி ஆகக்கூடாது என்றால், தடை என்ற ஒரு வார்த்தை போதாது. ஐதராபாத் ஐ.ஐ.டி. வளாகத்தில் 2022 ஜூலையில் தானோட்டி வண்டிகளுக்குச் சோதனைத் தளம் திறந்தார்கள். போபாலில் 'ஸ்வாயத் ரோபோட்ஸ்' என்ற கம்பெனி கோடு போடாத நம்ம ஊர் ரோட்டிலேயே பொலிரோ வண்டியைத் தானாக ஓட்டிப் பழக்குகிறது. நம் பிள்ளைகள் இதைச் செய்யத்தான் செய்வார்கள். செய்யட்டும். தலைமேல் கை வைத்துத் தடுக்க இது வீட்டுத் திண்ணை விளையாட்டு அல்ல.

ஜக்கார்டு அட்டையின் பேரன்

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டிரைவர் இல்லாத காருக்கும் பிள்ளையார்பாளையத்துக்கும் சொந்தம் உண்டு!

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறதே, அதில் தொங்குகிற ஓட்டை போட்ட அட்டை. பிரான்சு நாட்டில் லியோன் நகரப் பட்டு நெசவுக்காக 1804-ல் வந்த கருவி அது. எந்த இழை மேலே போக வேண்டும் என்று அட்டையின் ஓட்டை சொல்லும். அந்த ஓட்டை அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்துக்காரர் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் போடும் எந்திரத்துக்கு யோசனை எடுத்தார். அதன் வாரிசு இன்றைய கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரின் வாரிசு இந்தக் கார். ஆக, புத்தேரித் தெருவில் தொங்குகிற அட்டையின் பேரன், கொள்ளுப்பேரன்தான் அமெரிக்காவில் ஸ்டீயரிங் பிடிக்கிறான்.

அட்டை வருவதற்கு முன்னால் அடைத்தறி இருந்தது. புட்டாவுக்கும் கரைக்கும் அடை நூலை இழுக்க ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலும் சின்னப் பையன். ஜக்கார்டு வந்தது, அந்த வேலை போனது. அதற்காக யாரும் அழவில்லை. அழத் தேவையும் இல்லை. பையன் பள்ளிக்கூடம் போவதற்கு ஒரு தடை குறைந்தது. ஆனால் நெசவாளி போகவில்லை. கோர்வைச் சேலைக்கு இன்றும் இரண்டு பேர் கை வேண்டும்.

எந்த வேலை போகிறது, எந்த ஆள் நிற்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கண் விழித்து லாரி ஓட்டிச் சாகிற வேலை போனால் போகட்டும். அந்த லாரிக்காரருக்கு 45 வயசில் வேறு என்ன வேலை தருவீர்கள் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலை மந்திரியும் சொல்லவில்லை, கம்பெனிக்காரரும் சொல்லவில்லை.

டிரைவர்களும் சும்மா இருக்கிறவர்கள் இல்லை. மோதிவிட்டு ஓடினால் பத்து ஆண்டு ஜெயில் என்று 106-வது பிரிவின் இரண்டாம் பகுதியில் எழுதியதும், 2024 ஜனவரியில் வடநாட்டில் லாரிகள் நின்றன. பெட்ரோல் பங்கில் கியூ நின்றது. அந்தப் பகுதியை அமல்படுத்தாமல் அரசு நிறுத்தி வைத்தது. ஸ்டீயரிங் பிடிக்கிற கைக்கு அந்த பலம் இருக்கிறது. எந்திரத்தின் கைக்கு ஸ்டீயரிங் போன பிறகு வேலைநிறுத்தம் செய்ய யார் இருக்கிறார்கள்? பேச வேண்டியதை இப்போதே பேசிவிட வேண்டும். கம்பெனிதான் குற்றவாளி என்று சட்டத்தில் ஒரு வரி. விபத்து நேரத்தில் கார் என்ன பார்த்தது, என்ன முடிவு செய்தது என்ற பதிவைப் போலீசார் கையில் உடனே கொடுக்க வேண்டும் என்று இன்னொரு வரி. இது இரண்டும் இல்லாமல் ஒரு வண்டிகூட ரோட்டில் இறங்கக்கூடாது.

இதற்கிடையில் பூந்தமல்லி மெட்ரோவை ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை நீட்டத் திட்டம் தீட்டியிருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்குள்ளேயே வரப்போகிற வண்டி. அதிலும் டிரைவர் இருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பரந்தூரில் இறங்கி பிள்ளையார்பாளையம் வருவதற்கு ஆட்டோதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த ஆட்டோ அண்ணன் என்ன கேட்பாரோ!